'டர்ட்டி டீட்ஸ்' படத்தின் போலீஸ்காரர் யாருடைய ஆள்?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "போலீஸ் ஊழலை வைத்து ஆஸ்திரேலியாவில் எடுத்த 'டர்ட்டி டீட்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தைப் பார்த்தேன். சிரித்தேன். ஆனால் படம் முடிந்ததும் ஏதோ குறைந்தது போல இருந்தது. அது வெளிவந்தபோதும் பாதிப் பேர் பாராட்டினார்கள், பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள் என்கிறார்கள். ஏன்? அதில் சாம் நீல் நடித்த அந்த டிடெக்டிவ் உண்மையிலேயே இருந்தவரா?"

முதலில் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த டிடெக்டிவ் எந்த ஒரு மனிதரின் நகலும் அல்ல. ஆனால் அவரைப் போன்றவர்கள் சிட்னியில் இருந்தார்கள். அவர்கள் படத்தில் காட்டப்படுபவரைவிடப் பெரிய ஆட்கள், பயங்கரமான ஆட்கள். படம் இரண்டுபட்ட வரவேற்பைப் பெற்றதற்கும் நீங்கள் சொல்லும் அந்தக் குறைக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். படம் போலீஸ்காரரை ரவுடியின் கையாளாகக் காட்டுகிறது. அந்த ஊரில், அந்தக் காலத்தில், விஷயம் தலைகீழாக இருந்தது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1969, சிட்னி. பேரி ரயன் என்ற தாதா, கிளப்புகளில் வைக்கும் போக்கர் சூதாட்ட இயந்திரங்களைத் தன் பிடியில் வைத்திருக்கிறான். பிரையன் பிரவுன் அந்த வேடத்தில் நடித்ததோடு படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். மனைவி ஷேரனாக டோனி காலெட். வியட்நாம் போரிலிருந்து திரும்பும் உறவுக்காரப் பையன் டார்சியாக சாம் வொர்த்திங்டன். பணம் கொட்டும் வாசனை சிகாகோ மாஃபியாவின் மூக்கு வரை போய்விடுகிறது. பங்கு கேட்டு இரண்டு அமெரிக்கர்கள் வந்து இறங்குகிறார்கள். மூத்தவர் டோனி, ஜான் குட்மேன் நடித்த, வாழ்ந்து களைத்துப்போன மனிதர். இன்னொருவன் இளரத்தம். உள்ளூரிலேயே பேரிக்குப் போட்டியாளன் ஒருவனும் இருக்கிறான். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் அமைதி கெடாமல் பார்த்துக்கொள்ளும் டிடெக்டிவ்தான் ரே. ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் செய்தித்தாள்கள் எழுதும், மேலிடம் கேள்வி கேட்கும். எனவே எல்லோரும் அவரவர் எல்லைக்குள் சம்பாதியுங்கள் என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. டார்சிக்கோ இந்தத் தொழிலே பிடிக்கவில்லை. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களோடு பழகியதில் பீட்சாவின் ருசி அவனுக்குப் பழகிவிட்டது. சிட்னியில் ஒரு பீட்சா கடை போட வேண்டும் என்பது அவன் கனவு.

இயக்குநர் டேவிட் சீசர் இதற்கு முந்திய ஆண்டில்தான் 'முல்லெட்' என்ற அடங்கிய குரலில் பேசும் கடற்கரை ஊர்ப் படத்தை எடுத்திருந்தார். அதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின் பளிச்சென்ற வண்ணங்களும் உரத்த ராக் பாடல்களும் ஒரு அதிர்ச்சி.

இதில் எவ்வளவு உண்மை? நிறையவே. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கிளப்புகளில் போக்கர் இயந்திரம் வைப்பது 1956-இல் சட்டபூர்வமாக்கப்பட்டது. வேறு எந்த மாநிலமும் அப்போது அதைச் செய்யவில்லை. கிளப் என்றதும் பணக்காரர்களின் சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னாள் போர்வீரர்கள், தொழிலாளர்கள், ரக்பி ரசிகர்கள் கூடும் உள்ளூர்ச் சங்கங்கள் அவை. மலிவான சாப்பாடு, பீர், ஞாயிறு மாலைப் பாட்டுக் கச்சேரி என்று எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தது இயந்திரங்களில் விழுந்த சில்லறைதான்.

சிட்னிக்கு வந்த புதிதில், உடன் வேலை செய்த ஒருவரின் பிரிவு விருந்துக்காக நானும் அப்படி ஒரு கிளப்புக்குப் போனேன். வாசலிலேயே ஒரு மேஜை; வெளியாள் என்றால் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பூப்போட்ட தரைவிரிப்பு. வரிசை வரிசையாக இயந்திரங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முதுகு. யாரும் யாரோடும் பேசவில்லை. தலை நரைத்த ஒரு மூதாட்டி, இடது கையில் காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி, திரையைப் பார்க்காமலேயே வலது கையால் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தும் வேகம் மாறவே இல்லை. விருந்து முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அதே வழியாக வெளியே வந்தபோதும் அவர் அங்கேயே இருந்தார். சிகாகோக்காரர்கள் எதற்காகக் கடல் தாண்டி வந்தார்கள் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அவர்கள் உண்மையாகவே வந்தார்கள். ஜோசப் டெஸ்டா என்ற சிகாகோ ஆள் 1965-இலும் 1969-இலும் சிட்னிக்கு வந்தார். லென்னி மெக்ஃபர்சன் என்ற உள்ளூர் தாதா அவரை விருந்தாளியாக நடத்தினார். துப்பாக்கியோடு நாட்டுப்புறத்துக்கு வேட்டைக்கும் கூட்டிப்போனார். படத்தில் அமெரிக்கர்களை நகரத்திலிருந்து வெகுதூரம் வேட்டைக்கு அழைத்துப்போகும் பகுதி இதிலிருந்து முளைத்தது என்பது அந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். கிளப்புகளில் குற்றக் கும்பல்கள் நுழைந்துவிட்டனவா என்று விசாரிக்க 1973-இல் நீதிபதி ஆத்தல் மாஃபிட் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். போலீஸ் தன் விசாரணையையே மழுப்பிவிட்டதா என்ற கேள்வியும் அந்த ஆணையத்தின் முன் வந்தது.

இனி போலீஸ்காரருக்கு வருவோம். எனக்கு முக்கியம் இந்தப் பகுதிதான்.

மாமூல் எங்கே செழிக்கும்? ஊரே செய்யும் காரியத்தைச் சட்டம் தடை செய்திருக்கும் இடத்தில். சிட்னியில் 1916 முதல் 1955 வரை மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கு மூட வேண்டும். எனவே ஆறு மணிக்கு மேல் கள்ளத்தனமான மது விற்பனை. அந்தக் காலத்தில் குதிரைப் பந்தயத்தில் மைதானத்துக்கு வெளியே பணம் கட்டக் கூடாது. எனவே ஒவ்வொரு மதுக்கடையின் மூலையிலும் கள்ளப் பந்தய முகவர். கருக்கலைப்புக் குற்றம், பாலியல் தொழில் குற்றம், சீட்டாட்ட விடுதி குற்றம். இவை எல்லாம் எங்கே நடக்கின்றன என்று தெருவில் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நடத்துபவர் வாரம் தவறாமல் பணம் வைத்த உறை கொடுப்பார். வாங்கிப் போகிறவர் ஒரு போலீஸ்காரர். அவரிடமிருந்து மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். எப்போதாவது ஒரு சோதனை நடத்தியாக வேண்டும் என்றால் முன்கூட்டியே தகவல் போய்விடும். உரிமையாளருக்குப் பதிலாக யாரோ ஒரு கூலியாள் பிடிபட்டு அபராதம் கட்டுவார்.

இதில் யார் முதலாளி? உறை கொடுப்பவர் அல்ல. எந்தக் கடை திறந்திருக்கலாம், எந்த ரவுடி வெளியே நடமாடலாம், எவன் உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர்தான் முதலாளி. அந்தத் தீர்மானம் போலீஸின் கையில் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த ஆயுதம் துப்பாக்கியைவிட வலுவானது. 'வெர்பல்' என்று அதற்கு அங்கே பெயர். குற்றவாளி சொன்னதாகப் போலீஸே தட்டச்சு செய்துகொள்ளும் வாக்குமூலம் அது. கையெழுத்து இருக்காது. "கையெழுத்துப் போட மறுத்தார்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளும். 1990-களில் விசாரணையை ஒளிப்பதிவு செய்யும் முறை வேரூன்றும் வரை எத்தனையோ பேர் இப்படிச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் பலர் உண்மையிலேயே குற்றவாளிகள் என்பது வேறு கதை; அந்தக் குறிப்பிட்ட குற்றத்தை அவர்கள் செய்தார்களா என்பது யாருக்கும் கவலையாக இருக்கவில்லை.

ரே கெல்லி என்ற டிடெக்டிவ் அந்தக் காலத்துச் சிட்னியில் ஒரு நட்சத்திரம். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. 1966-இல் அவர் ஓய்வு பெற்றபோது நடந்த விருந்துக்கு மாநில முதல்வர் ராபர்ட் ஆஸ்கினே வந்தார். அதே ஆஸ்கின் 1981-இல் இறந்தபோது, அவர் குற்றக் கும்பல்களின் நண்பராக இருந்தார் என்ற பெரும் குற்றச்சாட்டை 'நேஷனல் டைம்ஸ்' இதழ் வெளியிட்டது. படத்தில் டிடெக்டிவுக்கு 'ரே' என்று பெயர் வைத்ததைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த விருந்துதான். சாம் நீல் அந்த வேடத்தை அற்புதமாகச் செய்திருக்கிறார். குரலை உயர்த்துவதில்லை, அவசரப்படுவதில்லை. கணக்குப் பிள்ளையைப் போல எல்லாத் தரப்பையும் மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறார். அவர் வரும் காட்சிகளில் படம் சட்டென்று கனத்துவிடுகிறது. ஆனால் கதை அவரை விட்டுவிட்டு அமெரிக்கர்களின் பின்னாலும் பீட்சாவின் பின்னாலும் போய்விடுகிறது. நீங்கள் சொல்லும் குறை இங்கேதான் இருக்கிறது. உறை வாங்குகிற கை தெரிகிறது. அந்தக் கை யாருடைய கழுத்தை நெரித்தது என்பது தெரியவில்லை.

வரவேற்புக்கு வருகிறேன். படம் 2002 ஜூலையில் வெளிவந்தது. பாராட்டியவர்கள் பாராட்டியதில் நியாயம் இருக்கிறது: டோனி காலெட்டின் ஷேரன், ஜான் குட்மேனின் களைத்த கண்கள், அறுபதுகளின் உடையும் வீடும், அமெரிக்காவைக் கண்டு மயங்கிக்கொண்டே அதை வெறுக்கவும் செய்த ஒரு நாட்டின் மனநிலை. வியட்நாமுக்குப் பையன்களை அனுப்பிவிட்டு, இங்கே வந்து பங்கு கேட்கும் அமெரிக்கரை "இது எங்கள் ஊர்" என்று தடுக்கும் தாதா ஒரு நல்ல கற்பனை. குறை சொன்னவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது: ஒரு நிமிடம் கொடூரமான அடிதடி, அடுத்த நிமிடம் கேலி, எதில் நிற்பது என்று படத்துக்கே தெரியவில்லை. பாணி அதிகம், உள்ளடக்கம் குறைவு. அப்போது பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ரவுடி நகைச்சுவைப் படங்களின் சாயலும் இருந்தது.

நேரமும் சரியில்லை. 1999-இல் 'டூ ஹேண்ட்ஸ்' என்ற ஆஸ்திரேலிய ரவுடிப் படம் வந்து நன்றாக ஓடியது. அதிலும் பிரையன் பிரவுன்தான் தாதா. 2000-இல் இன்னொரு குற்றவாளியின் கதையான 'சாப்பர்'. 2002-இலேயே, இதற்குச் சற்று முன்னால், கெட்ட போலீஸும் சிறை அதிகாரிகளும் சேர்ந்து கொள்ளையர்களை ஆட்டிவைக்கும் 'தி ஹார்ட் வர்ட்'. ரசிகனுக்குச் சலித்திருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1995-இல் 'ப்ளூ மர்டர்' என்ற தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்டது. ரோஜர் ரோஜர்சன் என்ற ஊழல் டிடெக்டிவின் கதை அது. சம்பந்தப்பட்ட வழக்குகள் நடந்துகொண்டிருந்ததால் நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 2001 வரை அதை ஒளிபரப்ப முடியவில்லை. தங்கள் ஊர்க் கதையைத் தாங்களே ஆறு ஆண்டுகள் பார்க்க முடியாமல் இருந்த சிட்னிவாசிகள், பார்த்து முடித்த மறு ஆண்டில் 'டர்ட்டி டீட்ஸ்' வருகிறது. அதற்கும் முன்னால், 1994 முதல் 1997 வரை நீதிபதி ஜேம்ஸ் வுட் தலைமையிலான ஆணையம் போலீஸ் ஊழலை விசாரித்திருந்தது. டிரெவர் ஹேக்கன் என்ற டிடெக்டிவ் தானும் ஊழல் செய்ததை ஒப்புக்கொண்டு, ஆணையத்துக்காக ரகசியமாக வேலை செய்தார். அவருடைய காரில் கேமரா ஒளித்துவைக்கப்பட்டது. லென்ஸ் தாழ்வாக, இருக்கையில் உட்கார்ந்தவரின் இடுப்பைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்து இருக்கையில் வந்து உட்காரும் அதிகாரி பேசிக்கொண்டே பணத்தை வாங்கிக்கொள்வதை நாடே செய்தியில் பார்த்தது. முகத்தை விடக் கைகள்தான் அந்தப் படத்தில் அதிகம். வெட்கமும் இல்லை, பதற்றமும் இல்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் பார்த்த கண்களுக்கு, 1969-இன் ஊழலைப் பழைய பாட்டைப் போல ஆசையோடு நினைத்துப் பார்க்கும் ஒரு படம் எப்படித் தெரியும்? வெளிநாட்டவர் அதை ஒரு வண்ணமயமான ரவுடிக் கதையாக எடுத்துக்கொள்ளலாம். சிட்னிக்காரருக்கு அது அப்படி இல்லை. 1984-இல் மைக்கேல் டுரூரி என்ற நேர்மையான போலீஸ்காரர் தன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுடப்பட்டார். ஒரு ஹெராயின் வழக்கில் சாட்சியத்தை மாற்றிச் சொல்ல லஞ்சம் கொடுக்க வந்தார்கள், தான் மறுத்துவிட்டேன் என்று அவர் சொன்னார். பிழைத்தார். போலீஸ் ஊழலைப் பற்றி 1971-இல் தொலைக்காட்சியில் துணிந்து பேசிய ஷெர்லி பிரிஃப்மன் என்ற பெண் மறு ஆண்டே பிரிஸ்பேனில் இறந்து கிடந்தார். பழைய ரவுடிகள் நல்லவர்கள், எல்லைக்குள் இருந்தார்கள், போலீஸும் அவர்களும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சை எந்த ஊரிலும் கேட்கலாம். அந்தப் பேச்சில் பிரிஃப்மனுக்கு இடமில்லை. எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் உண்மையான கோபம் இதுதான்.

அப்படியானால் போலீஸ் ஊழலை வைத்து நகைச்சுவை செய்யவே கூடாதா? செய்யலாம். மறு ஆண்டே ஒருவர் செய்தும் காட்டினார். 2003-இல் வந்த 'கெட்டிங் ஸ்கொயர்' படத்தை எழுதியவர் கிறிஸ் நிஸ்ட், கோல்ட் கோஸ்ட் நகரில் குற்றவியல் வழக்கறிஞர். இயக்கியவர் ஜொனாதன் டெப்லிட்ஸ்கி. சிறையிலிருந்து பரோலில் வரும் ஒருவன், ஒழுங்காக வாழ நினைத்து உணவகத்தில் சமையல்காரனாகச் சேர்கிறான். அவனை விடமாட்டேன் என்கிறார் ஆர்னி டெவியர்ஸ் என்ற கெட்ட டிடெக்டிவ். நடித்தவர் டேவிட் ஃபீல்ட். இந்த டிடெக்டிவிடம் ரசிக்க ஒன்றுமே இல்லை. அவர் வந்தால் எளியவர்கள் நடுங்குகிறார்கள். சிரிப்பு அவரிடமிருந்து வருவதில்லை, அவரால் மிதிபடுகிறவர்களிடமிருந்து வருகிறது.

அதில் ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டேவிட் வென்ஹம் நடித்த ஜானி ஸ்பிட்டியேரி, ஹெராயினுக்கு அடிமையான சில்லறைத் திருடன். ரப்பர் செருப்பு, இறுகப் பிடித்த ஜீன்ஸ், பின்கழுத்தில் தொங்கும் முடி. விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறான். கோட்டு சூட்டுப் போட்ட வழக்கறிஞர் மடக்கி மடக்கிக் கேட்கிறார். இவனுக்கோ வந்துபோகும் பஸ் கட்டணம் கிடைக்குமா என்பதுதான் கவலை. கேள்வி எங்கே போனாலும் பதில் பஸ் கட்டணத்துக்கே திரும்புகிறது. அவன் உண்மையிலேயே மந்தமானவனா, அல்லது அந்த அறையிலேயே எல்லோரையும்விடப் புத்திசாலியா என்று கடைசிவரை சொல்ல முடியாது. வாழ்நாள் முழுவதும் போலீஸிடமும் நீதிமன்றத்திடமும் அடிபட்ட ஒருவன் கற்றுக்கொண்ட ஒரே தற்காப்பு அது. நீதிமன்ற வராந்தாக்களில் ஆண்டுக்கணக்கில் நின்று காது கொடுத்துக் கேட்ட ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். வென்ஹமுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகருக்கான ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவன விருது கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-இல், அந்தப் பாத்திரத்தையே நாயகனாக்கி 'ஸ்பிட்' என்ற படமும் வந்தது.

கோல்ட் கோஸ்ட் இருப்பது குயின்ஸ்லாந்து மாநிலத்தில் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே போலீஸுக்குள் ஓடிய மாமூல் ஏற்பாட்டுக்கு அவர்களே வைத்திருந்த பெயர் 'ஜோக்'. நகைச்சுவைத் துணுக்கு என்கிறோமே, அதே சொல். "நீ ஜோக்கில் இருக்கிறாயா?" என்றால் பங்கு வாங்குகிறாயா என்று பொருள். ஜாக் ஹெர்பர்ட் என்ற முன்னாள் போலீஸ்காரர் அதை வசூலித்துப் பகிர்ந்தார். 1987 மே மாதம் ஆஸ்திரேலிய அரசுத் தொலைக்காட்சியான ஏபிசியில் கிறிஸ் மாஸ்டர்ஸ் வெளியிட்ட ஒரு நிகழ்ச்சி அதைப் போட்டு உடைத்தது. டோனி ஃபிட்ஸ்ஜெரல்ட் தலைமையில் விசாரணை நடந்து 1989-இல் அறிக்கை வந்தது. மாநிலப் போலீஸ் ஆணையர் டெரன்ஸ் லூயிஸ், 'சர்' பட்டம் பெற்றவர், 1991-இல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார், பட்டமும் பறிபோனது. ஒரு மாநிலத்தின் போலீஸ் தலைவரே உறை வாங்கிய ஊரில் வழக்கறிஞராக வளர்ந்தவர் நிஸ்ட். அவருடைய டிடெக்டிவிடம் கவர்ச்சி இல்லாததில் வியப்பில்லை.

உங்களுக்கு என் யோசனை: முதலில் 'ப்ளூ மர்டர்' பாருங்கள், பிறகு 'கெட்டிங் ஸ்கொயர்'. அதற்குப் பிறகு 'டர்ட்டி டீட்ஸ்' படத்தை இன்னொரு முறை, சாம் நீலை மட்டும் கவனித்தபடி பாருங்கள். அவர் பேசாமல் நிற்கும் இடங்களில் இன்னொரு படம் ஓடுவது தெரியும்.

இந்தப் படங்கள் எதிலும் இல்லாத ஒரு போலீஸ்காரரைப் பற்றியும் உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். பிலிப் ஆரன்ட்ஸ், சிட்னிப் போலீஸில் சார்ஜென்ட், கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். எத்தனை குற்றங்கள் நடந்தன, எத்தனையில் துப்பு துலங்கியது என்று அரசு வெளியிட்ட எண்களுக்கும் தன் கணினியிலிருந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கண்டார். மேலதிகாரிகளிடம் சொன்னார், பயனில்லை. 1971-இல் உண்மையான எண்களைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். அவருக்கு மனநோய் எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். அதன் பிறகு வேலையிலிருந்து நீக்கினார்கள். 1969-இல் படத்தில் ரே உறைகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே காவல்துறையில்தான் அவரும் வேலை பார்த்தார். அவருக்கு இழப்பீடு கிடைத்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு.